ஒரு நாள் கவலையை ஒரு கிழமைக்கு இழுக்கும் தவறுகள்

சாதாரண தரப் பெறுபேறு நினைத்தபடி வரவில்லை. நெருங்கிய சிநேகிதி ரியூசனில் வேறு வாங்கில் போய் இருந்துவிட்டாள். இப்படியான நாட்களில் பதின்ம வயதுப் பிள்ளைக்கு மனம் பாரமாவது நோயல்ல; பெரும்பாலும் சில நாளில் தானாகவே இறங்கிவிடும். இறங்க விடாமல் செய்வது நமது சில பழக்கங்கள்.

அறைக் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டு, "மனம் சரிவந்த பிறகு எழும்புவம்" என்று காத்திருப்பதுதான் அதிகம் பேர் விடும் பிழை. சும்மா கிடக்கக் கிடக்க மனம் நடந்ததையே அரைக்கும். முதலில் உடம்பு அசைய வேண்டும், மனம் பின்னால் வரும். பத்து நிமிட வேலை போதும்: முகம் கழுவுவது, பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கடையில் பாண் வாங்கி வருவது. வெயில் தணிந்த பிறகு மட்டக்களப்பு வாவிக்கரையிலோ கல்லடிக் கடற்கரை மணலிலோ 20 நிமிடம் நடக்கலாம். மாரியில் கடல் கொந்தளிக்கும், மணலோடு நின்றுகொள்ளுங்கள்.

இரவில் ஒரே வட்ஸ்அப் உரையாடலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அப்படித்தான். யோசித்துத் தீர்ப்பதுபோல இருக்கும், புதிதாக ஒரு பதிலும் வராது. நடந்ததையும் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் 15 நிமிடத்தில் கொப்பியில் எழுதி மூடுங்கள். போனைக் குசினியில் சார்ஜில் போடுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும். படிக்கவென்று இரவில் குடிக்கும் பிளேன்ரீயும் அதைக் குறைக்கும். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் செல்லும்.

"நல்லா மூச்செடு" என்று சொன்னதும் பிள்ளை நெஞ்சு நிறைய வேகமாக இழுக்கும். தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் கூடும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால் வருவது இது. கவனம் மூச்சை விடுவதில் இருக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் 4 எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணி மெல்ல விடுங்கள். வயிறுதான் எழும்ப வேண்டும், தோள் அல்ல. 5 நிமிடம் போதும். மூச்சு முட்டினால் இழுப்பதை 3, விடுவதை 4 என்று குறையுங்கள்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் உருவாக்கினார். பாதத்தில் தொடங்கி கால், வயிறு, கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக 5 செக்கன் இறுக்கி, 15 செக்கன் விடுங்கள். விட்ட பிறகு வரும் தளர்வைக் கவனிப்பதுதான் பயிற்சியே. முழுப் பலத்தோடு இறுக்கத் தேவையில்லை. கெண்டைக்காலை இறுக்கும்போது கால்விரல்களைக் கீழே நீட்டினால் சதை பிடித்துக்கொள்ளும், முழங்கால் பக்கமாக மேலே இழுங்கள். பரீட்சை அன்று காலையில் முதல்முறை செய்து பார்த்துவிட்டு "சரிவரேல்ல" என்று கைவிடுவார்கள். மனம் அமைதியான நாட்களில் தினமும் பழகியிருந்தால்தான் அன்று கைகொடுக்கும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. "நாங்க யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஆக்கள், இதுக்கா அழுறாய்?" என்றால், பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. பக்கத்தில் இருந்து "என்ன மனே, சொல்ல ஏலுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். புத்தி சொல்வது மறுகா ஆகட்டும்.

கவலை 2 கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால், சாப்பாடு, நித்திரை, பள்ளிக்கூடம் குழம்பினால், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகும் எண்ணமோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் உடனே கூட்டிப்போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவருக்கு 1929. வைத்தியரிடம் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு நித்திரை, முன்பு விரும்பிச் செய்த எதை விட்டாச்சு என்ற மூன்றையும் துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.