ஆட்சி மாற வேண்டும், யாருக்குப் போடுவது? ஒன்ராறியோ வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு தொகுதியில் அதிக வாக்கு எடுப்பவர் வெல்வார். பாதிக்கு மேல் எடுக்க வேண்டும் என்றில்லை. 2022 தேர்தலில் சுமார் 41 சதவீத வாக்கோடு கன்சர்வேட்டிவ் கட்சி 124 இடங்களில் 83ஐப் பிடித்தது. எதிர்த்து விழுந்த வாக்குகள் லிபரல், என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி), பசுமைக் கட்சி என்று சிதறிப்போயின. மனதுக்குப் பிடித்த கட்சியை விட்டு, வெல்லக்கூடிய இன்னொருவருக்குப் போடலாமா என்ற யோசனை இங்கேதான் வருகிறது.

முதலில், உங்களுக்கு எந்த மாற்றம் வேண்டும் என்று தெளிவாகுங்கள். இருப்பவர் போக வேண்டும் என்பது ஒன்று, குறிப்பிட்ட ஒருவர் வந்துவிடக் கூடாது என்பது வேறொன்று. 2018இல் 15 ஆண்டு லிபரல் ஆட்சி போதும் என்று சனம் முடிவு கட்டியிருந்தது. தான் இனி முதல்வராக இருக்கப்போவதில்லை என்று அப்போதைய லிபரல் முதல்வர் கத்லீன் வின் வாக்களிப்புக்கு ஐந்து நாள் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் மாற்றம் கேட்ட எல்லோரும் கன்சர்வேட்டிவ் தலைவர் டக் ஃபோர்டைக் கேட்கவில்லை.

அடுத்து, உங்கள் தொகுதி எது என்று பாருங்கள். மாகாணத் தேர்தலை நடத்தும் எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோவின் தளத்தில் தபால் குறியீட்டைக் கொடுத்தால் தெரிந்துவிடும். பழைய முடிவுகளும் அங்கேயே உண்டு. 2018இல் தொகுதி எல்லைகள் மாறின, அதனால் அதற்கு முந்திய கணக்கை இப்போதையதோடு ஒப்பிட வேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை. மாகாணக் கருத்துக்கணிப்பை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் தொகுதியில் முதல் இரண்டு இடத்தில் யார் என்று பாருங்கள். 2018இல் மாகாணம் முழுக்க ஃபோர்டுக்கு எதிரே நின்றது என்டிபிதான். ரொறன்ரோவின் ஸ்காபரோ ரூஜ் பார்க் தொகுதியிலும் அப்படியே: கன்சர்வேட்டிவ் வேட்பாளர் விஜய் தணிகாசலம் என்டிபியை ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கில் வென்றார், லிபரல் மூன்றாமிடம். பக்கத்துத் தொகுதியான ஸ்காபரோ கில்ட்வுட்டில் கதை தலைகீழ். லிபரல் கட்சியின் மிட்ஸி ஹண்டர் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரொஷான் நல்லரட்ணத்தை வெறும் 74 வாக்கில் வென்றார், என்டிபி மூன்றாமிடம். ஃபோர்டைத் தடுக்க நினைத்தவர் ஒரு தொகுதியில் என்டிபிக்கும், அடுத்ததில் லிபரலுக்கும் போட்டிருக்க வேண்டும்!

இணையத்தில் வரும் தொகுதிவாரிக் கணிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அவை அந்தத் தொகுதி மக்களிடம் கேட்டு எடுத்தவை அல்ல. மாகாணக் கருத்துக்கணிப்பையும் பழைய முடிவையும் கலந்து போட்ட கணக்குகள்.

சரி, முடிவு எப்படி எடுப்பது? முதல் இருவருக்கும் இடையே சில நூறு அல்லது ஓராயிரம் வாக்குதான் வித்தியாசம் என்றால், உங்கள் வாக்கை மாற்றிப் போடுவதில் அர்த்தம் உண்டு. பல ஆயிரம் இடைவெளி என்றால், மனதுக்குப் பிடித்தவருக்கே போடுங்கள் என்பேன். யாரையுமே பிடிக்கவில்லையா? ஒன்ராறியோவில் வாக்குச்சீட்டை வாங்கி, வேண்டாம் என்று அலுவலரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அதையும் தனியாக எண்ணி வெளியிடுவார்கள்.