எந்த ஆஃபீஸ் தொகுப்பு? உங்களுடைய மோசமான கோப்பைக் கேளுங்கள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் கோப்புகளோடுதான் பிழைப்பு. அதனால் "கட்டற்ற ஆஃபீஸ் மென்பொருளில் எதைப் போடலாம்?" என்று யாராவது கேட்டால், உங்களுக்குக் கோப்பு அனுப்புகிறவர் எதில் வேலை செய்கிறார் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

அதற்கு முன் ஒன்றைக் கழித்துவிடலாம். பேர் பழகிப்போனதால் பலரும் ஓப்பன்ஆஃபீஸைத்தான் தேடி இறக்குகிறார்கள். வேண்டாம். 2010இல் அது ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும் அதில் உழைத்தவர்கள் பலர் பிரிந்துவந்து லிப்ரேஆஃபீஸைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஆரக்கிள் பழையதை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2014இல் வந்த 4.1க்குப் பிறகு சில்லறைத் திருத்தங்கள்தான். மைக்ரோசாஃப்ட் வேர்டின் வடிவமான டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், டாக்எக்ஸாகச் சேமிக்காது. என் மாதிரி ஆளுக்கு இது ஒன்றே போதும், விலகிக்கொள்ள.

மிச்சம் லிப்ரேஆஃபீஸும் ஒன்லிஆஃபீஸும். தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்லிஆஃபீஸ் பார்க்க மைக்ரோசாஃப்ட் மாதிரியே இருக்கும், சரி. லிப்ரேஆஃபீஸிலும் வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டேப்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்ட அதே முகம்தான். உண்மையான வித்தியாசம் உள்ளே. லிப்ரேஆஃபீஸின் சொந்தக் கோப்பு வடிவம் ஓடிஎஃப், 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமானது. ஒன்லிஆஃபீஸ் மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ், எக்செலுக்கான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்களையே அடித்தளமாக வைத்து இயங்குகிறது. சொந்தமில்லாத வடிவத்துக்கு மாற்றும்போதுதான் எதுவும் சிதையும்.

ஆகவே சோதனை இப்படி. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கோப்பை எடுங்கள். செல்களை இணைத்த அட்டவணை, அடிக்குறிப்பு, யார் எதை மாற்றினார் என்று காட்டும் ட்ராக் சேஞ்சஸ், ஓரத்தில் ரெண்டு பேர் சண்டை போட்ட கமென்ட்டுகள், எல்லாம் இருக்கட்டும். இரண்டு மென்பொருளிலும் தனித்தனிப் பிரதியாகத் திறந்து ஒரு வரியைத் திருத்தி, டாக்எக்ஸாகவே சேமித்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். உங்கள் திரையில் தெரிவது கணக்கில்லை, அவர் திரையில் தெரிவதுதான் கணக்கு. பக்க எண்ணிக்கை மாறியதா, திருத்தங்களில் யார் பேர் இருக்கிறது என்று கேளுங்கள்.

பக்கம் மாறினால் உடனே மென்பொருளைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் எழுத்துரு இல்லாததுதான் காரணம். வேர்டில் வழக்கமாக வரும் காலிப்ரிக்குப் பதில் இலவச எழுத்துருவான கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியாவும் போட்டுப் பாருங்கள். எழுத்துகளின் அகலம் ஒன்றேதான் என்பதால் வரிகள் இடம் மாறாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. லிப்ரேஆஃபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கும். ஸ்டைலில் அளவை 14 ஆக்கியும் தமிழ் மட்டும் அசையவில்லையா? கேரக்டர் அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பகுதியைத் தேடி அங்கே மாற்றுங்கள். அந்தப் பகுதியே காணோம் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் அதை இயக்க வேண்டும். பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு என்றால் இந்த விதி பொருந்தாது, மென்பொருள் அதை ஆங்கிலமாகத்தான் நினைக்கும்.

என் தேர்வு: நீளமான நூல், பழைய டாக் கோப்பு, தரவுத்தளம் என்றால் லிப்ரேஆஃபீஸ். வேர்டில் வேலை செய்பவரோடு தினமும் கோப்பு போய்வந்தால் ஒன்லிஆஃபீஸ். சொந்த சர்வரில் பலர் சேர்ந்து திருத்த இருவழியிலும் வசதி உண்டு. லிப்ரேஆஃபீஸ் வழி வந்தது கொலாபரா ஆன்லைன். எக்செல் மேக்ரோக்களை, அதாவது வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைத்த கட்டளைகளை, நம்பி இருப்பவர் மட்டும் அவசரப்படக் கூடாது. எக்செல் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவை லிப்ரேஆஃபீஸ் ஓரளவுதான் புரிந்துகொள்ளும், ஒன்லிஆஃபீஸ் மேக்ரோ ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது.

ரெண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே கோப்பை மாற்றி மாற்றித் திறந்து சேமிக்காதீர்கள். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடித்து அனுப்புங்கள்.