பழைய பர்மிங்காம் இரட்டைக் குழலில் துரு எடுத்தது: என் அனுபவம்

இங்கிலாந்தில் ஏலத்தில் எடுத்த கேப் துப்பாக்கி இது. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ரவையும் கெட்டித்து, பின்னால் சின்ன வெடிமூடி (கேப்) வைத்துச் சுடும் பழைய வகை. குழலுக்கு அடியில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. துப்பாக்கிக் குழல்கள் வெடிப்பைத் தாங்குமா என்று சோதிக்க 1813இல் சட்டம் போட்டு அமைத்த இடம் அது.

துருவைத் தொடும் முன் மருந்து கெட்டிக்கும் கோலை இரண்டு குழலிலும் விட்டுப் பார்த்தேன். இடது குழலில் அடிவரை போகாமல் இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் உள்ளே பழைய மருந்தும் ரவையும் இருக்கலாம். கருமருந்து நூறு வருடம் கழித்தும் பற்றும். நான் கை வைக்கவில்லை. துப்பாக்கி வேலை தெரிந்தவரை வரவழைத்துத்தான் எடுத்தேன்.

அப்புறம் துரு. தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த குழலில் பழுப்பும் கறுப்புமாக ஓடும் வரிகள்தான் இதன் உயிரே. உரசினால் போயே போய்விடும், சேகரிப்பவர்களிடம் மதிப்பும் போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக மென்மையான 0000 ரக எஃகுக் கம்பளியால் லேசாகத் தேய்த்தேன். செந்துரு மட்டும் குழம்பாக வந்தது, கீழே வரிகள் அப்படியே இருந்தன. துணியால் துடைத்து மறுபடி எண்ணெய்.

இறுகிப்போன நிப்பிளை (கேப்பை மாட்டும் சின்னக் குழாயை) நெம்பவில்லை. எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். சரியான அளவுச் சாவி போட்டதும் இளகியது. வால்நட் மரத்தில் செய்த பின்கட்டைக்கு மெழுகு மட்டும் போதும்.