கட்டிய ஃபீஸுக்குள் லைப்ரரியும் இருக்கிறது

டொரன்டோ பக்கம் படிக்க வந்திருக்கிறீர்கள். வீடு, வங்கிக் கணக்கு, குளிர் கோட்டு, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பிரெஸ்டோ கார்டு எல்லாம் ஆயிற்று. அப்புறம் முதல் அசைன்மென்ட் வரும். கூகுளில் தேடினால் வேண்டிய கட்டுரையின் சுருக்கம் மட்டும் தெரியும். கீழே 30 டாலர், 40 டாலர் என்று விலை நிற்கும். அங்கே கார்டு எண்ணைத் தட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அந்தப் பணத்தில் உங்கள் ஃபீஸும் சேர்த்தி.

நீங்கள் யார் என்று அந்த இதழின் தளத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வளாக வைஃபையில் இருந்தால் ஐபி முகவரியை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டு அறையிலிருந்து நேராகப் போனால் நீங்கள் யாரோ ஒரு வழிப்போக்கர். அதனால் எப்போதும் நூலகத்தின் தளத்தில் தொடங்கி, பல்கலைக்கழக லாகின் வழியாக உள்ளே போங்கள். டொரன்டோ பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது யூடோர்ஐடி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைக் கைவிட மனமில்லை என்றால், அதன் செட்டிங்ஸில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தேடல் முடிவுக்குப் பக்கத்திலேயே நூலக இணைப்பு வந்து நிற்கும்.

எந்த டேட்டாபேஸில், அதாவது எந்தக் கட்டுரைத் தொகுப்பில், தேடுவது என்பது பாடத்தைப் பொறுத்தது. பொறியியலுக்கு ஐஈஈஈ எக்ஸ்ப்ளோர், உளவியலுக்கு சைக்இன்ஃபோ, வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஜேஸ்டோர். ஜேஸ்டோர் 1995இல் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வைப்பதற்காகத் தொடங்கியது. இன்றும் பல இதழ்களின் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் அதில் இருக்காது. 'அண்மைக்கால ஆய்வுகளைக் காட்டு' என்று பேராசிரியர் கேட்டிருந்தால், ஜேஸ்டோரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

உங்கள் நூலகத்தில் ஒரு கட்டுரை இல்லவே இல்லை என்றாலும் கதை முடியவில்லை. இன்டர்லைப்ரரி லோன் என்று ஒரு படிவம் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் வேறொரு நூலகத்திலிருந்து ஸ்கேன் செய்து வாங்கித் தருவார்கள். பெரும்பாலும் மாணவருக்குச் செலவில்லை. சில நாள் பிடிக்கும், ஆகவே கடைசி ராத்திரிக்கு இது உதவாது.

படங்களின் கணக்கு வேறு. நூலகம் வழியாகப் பார்க்கும் கனோபி, அகடமிக் வீடியோ ஆன்லைன் போன்ற தளங்களில் ஆவணப்படங்களும் உலக சினிமாவும் குவிந்து கிடக்கும். பார்ப்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் மாதிரியே இருந்தாலும் பின்னால் மீட்டர் ஓடுகிறது. கனோபியில் பல பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது: ஒரு படத்தை 30 விநாடிக்கு மேல் ஓட்டினால் அது ஒரு பார்வை, நான்காவது பார்வையில் அந்தப் படத்துக்கு ஓராண்டு உரிமத் தொகை நூலகத்தின் தலையில் விழும். பொது நூலகங்களுக்கும் பார்வைக்கு இவ்வளவு என்று பில் வந்தது. கட்டுப்படியாகாமல் நியூயார்க் பொது நூலகம் 2019இல் கனோபியையே நிறுத்திவிட்டது. சில பல்கலைக்கழகங்களில் இப்போது படத்தைச் சொடுக்கினால் கோரிக்கைப் படிவம்தான் திறக்கும். வகுப்புக்கு வேண்டிய படம் என்றால், பாடத்தின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பொழுதுபோகாமல் பத்துப் படத்தை அரை நிமிடம் அரை நிமிடமாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தளத்தில் ஏராளமான படங்களை எல்லோருக்கும் இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கே தாராளமாக மேயலாம்.

ஊரில் இருக்கும் நண்பர் லாகினைக் கேட்பார். கொடுக்காதீர்கள். ஒரே கணக்கிலிருந்து கட்டுரைகள் மொத்தமாக இறங்கினால் பதிப்பாளர் உங்களை மட்டுமல்ல, மொத்தப் பல்கலைக்கழகத்தையுமே தற்காலிகமாக முடக்கலாம். நண்பர் இந்தியாவில் அரசுக் கல்வி நிறுவனத்தில் இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அவருக்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். ஈழம் தொடர்பான தமிழ் நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் தேவைப்பட்டால் நூலகம் டாட் ஆர்க் (noolaham.org) என்ற தளம் போதும். 2005 முதல் இயங்குகிறது, லாகின் கேட்காது.

இவை எல்லாவற்றையும் விட, நம் பிள்ளைகள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது நூலகரை. நூலகர் என்றால் முத்திரை குத்திப் புத்தகம் கொடுப்பவர் என்ற நினைப்பிலேயே வருகிறோம். இங்கே ஒவ்வொரு துறைக்கும் தனியாக ஒருவர் இருப்பார். எந்த டேட்டாபேஸ், என்ன தேடுசொல், எதை விலக்குவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதே அவருடைய வேலை. நேரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்ற தயக்கம் வேண்டாம், அவர் பார்க்காத தடுமாற்றமா?

பட்டம் வாங்கிய சில மாதங்களில் இந்த அணுகலில் பெரும்பகுதி போய்விடும். பழைய மாணவர்களுக்கு மிஞ்சுவது ஒரு சின்னப் பகுதிதான். ஆகவே கட்டுரைகளையும் குறிப்புகளையும் முதல் டேர்மிலிருந்தே ஜொட்டெரோ (Zotero) என்ற மென்பொருளில் சேர்த்து வாருங்கள். அது இலவசம், சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறக்கலாம். கூடவே டொரன்டோ பொது நூலக அட்டையும் ஒன்று எடுத்துவிடுங்கள். நகரத்தில் வசிக்கும் யாருக்கும் அது இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. முகவரியைக் காட்டும் ஆவணத்தோடு பக்கத்துக் கிளைக்குப் போனால் போதும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து கூடவே தங்கிவிட்டால் அவர்களுக்கும் எடுக்கலாம்.