லேப்டாப் ஹார்டு டிஸ்க்: வேகத்தை எங்கே பார்ப்பது?

லேப்டாப் சர்வீஸுக்கு வருபவர்கள் ஹார்டு டிஸ்க் மாற்றும்போது பெரும்பாலும் கேட்பது, "கேஷ் (டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) எவ்வளவு?" என்பதுதான். நான் முதலில் பார்ப்பது ஆர்.பி.எம்., அதாவது டிஸ்க் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது.

எச்.ஜி.எஸ்.டி. ட்ராவல்ஸ்டார் 7கே1000, சீகேட் பாரகுடா எஸ்டி1000எல்எம்048 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2.5 அங்குலம், 1 டிபி. கேஷ் முன்னதில் 32 எம்பி, பின்னதில் 128. ஆனால் ட்ராவல்ஸ்டார் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும், பாரகுடா 5400தான். வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும். 7200இல் அது 4.2 மில்லிசெகண்ட், 5400இல் 5.6. விண்டோஸ் திறக்கும்போது எத்தனையோ சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலிலும் இந்தக் காத்திருப்பு சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது. இந்த பாரகுடா எஸ்.எம்.ஆர். வகை. தகவல் எழுதப்படும் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய வீடியோ ஃபோல்டரை காப்பி செய்தால் ஆரம்பத்தில் நன்றாகப் போகும், அப்புறம் வேகம் படுத்துவிடும். அதனால் வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து சி.எம்.ஆரா (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை), எஸ்.எம்.ஆரா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள். சாட்டா (டிஸ்க்கை லேப்டாப்போடு சேர்க்கும் இணைப்பு) நொடிக்கு 6 ஜிபிட் என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். எந்த லேப்டாப் ஹார்டு டிஸ்க்கும் அந்த வேகத்தைத் தொடாது.

தடிமனையும் பாருங்கள். ட்ராவல்ஸ்டார் 9.5 மி.மீ., பாரகுடா 7. மெல்லிய லேப்டாப் பலவற்றில் 9.5 உட்காராது.

ட்ராவல்ஸ்டார் இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். காசு கொடுக்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) இரண்டு வரியிலும் ரா மதிப்பு, அதாவது நேரடி எண்ணிக்கை, பூஜ்ஜியமா என்று பாருங்கள். சி5இல் எண் ஏறியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு வேகத்தை அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டி, மேல் வரியில் வரும் பெரிய எண்ணை விட்டுவிட்டு 4கே ராண்டம் வரியை (அங்கங்கே சிதறிய சின்னச் சின்ன துண்டுகளை எடுக்கும் வேகம்) ஒப்பிடுங்கள். அதில் 7200 டிஸ்க்கே நொடிக்கு 1 எம்பியைத் தாண்டத் திணறும்.

அதனால்தான் விண்டோஸை எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடச் சொல்கிறேன். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் அதைக் கழற்றி, கேடி (அந்த இடத்தில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகம்) வாங்கி அங்கே ஹார்டு டிஸ்க்கைப் போட்டுக்கொள்ளலாம்; அது இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. உட்காரும். கேடி 9.5, 12.7 மி.மீ. என இரண்டு அளவில் வரும். டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள்.