பழைய கணினியை வேகப்படுத்தக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

பழைய வீட்டுக் கணினிகளைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேவையற்ற மென்பொருள்களை நீக்குவது, கணினி திறந்தவுடன் தாமாக ஓடும் செயலிகளை நிறுத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

சாகும் ஹார்டு டிஸ்கை டிஃப்ராக் செய்வது

என் அண்ணன் வீட்டுக் கணினியில் புகைப்பட ஃபோல்டர் ஒன்றைத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மவுஸ் அம்பு நகரும். ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவு இருக்காது. கோப்புகள் சிதறிக் கிடப்பதுதான் காரணம் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராகை இரவு ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் நிரலின் திரையில் ஹார்டு டிஸ்கின் பெயரே இல்லை. அண்ணன் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

நடந்தது இதுதான். ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதி பழுதடைந்தால், அது உடனே பிழை என்று சொல்லிவிடாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் 'கணினி மெதுவாகிவிட்டது' என்கிறோம். அந்த நிலையில் டிஃப்ராக் செய்வது, மூச்சுத் திணறுகிறவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும், ஏனெனில் அது கோப்புகளை இடம் மாற்ற மணிக்கணக்கில் படிக்கவும் எழுதவும் செய்கிறது. டிஸ்கின் சிறு சிறு பகுதிகளான செக்டார்கள் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும் விண்டோஸின் 'செக்டிஸ்க் /r' சோதனையும் இவ்விஷயத்தில் சளைத்ததல்ல. இருந்தும் 'முதலில் செக்டிஸ்க் ஓட்டிப் பார்' என்று யோசனை சொல்கிறவர்கள் குறையவில்லை; கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

அறிகுறிகள் முன்பே தெரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சராசரி மறுமொழி நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவினாடிகளுக்குப் போனால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து 05, சி5 ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். முன்னது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை, பின்னது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றின் எண்ணிக்கை. இவை பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால், வேகத்தை மறந்துவிட்டு முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டாம்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வது

எஸ்எஸ்டி சுழலும் தட்டு இல்லாத, சிப்களில் சேமிக்கும் டிரைவ். டிஃப்ராக் செய்தால் அதன் வேகம் அதிகரிக்காது, எழுதும் ஆயுள்தான் வீணாகும்.

பார்க்காமல் ரேம் வாங்குவது

ரேமின் இரண்டு தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. பழைய மடிக்கணினிகள் சில 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐ ஏற்காமல் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-ஐ மட்டுமே ஏற்கும். 32 பிட் விண்டோஸ் இருக்கும் வீட்டுக் கணினியில் 4 ஜிபிக்கு மேல் மாட்டினால், மேற்பட்டது சும்மா கிடக்கும்.

தூசியைக் கண்டபடி ஊதுவது

பிராசசர் விசிறிக்கு அடியில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல், தூசி கம்பளித் துணி போல் படிந்திருக்கும். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது அளவு மீறிச் சுழன்று பேரிங் கெடலாம்.

தேதி தவறினால் விண்டோஸை மாற்றுவது

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய், பாதுகாப்பு எச்சரிக்கையுடன் இணையதளங்கள் திறக்க மறுத்தால், பலர் அதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி நிறுவுகிறார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குச் செலவிட்டேன். தீர்ந்துபோயிருந்தது, கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி.