பூனைக்குச் சிறுநீர்த் தொற்றா? கல்ச்சர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுங்கள்

பூனை லிட்டர் பாக்ஸில் போய் உட்காரும், சொட்டுச் சொட்டாகப் போகும், வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உள்ளே ஓடும். போகும்போது கத்தும், பின்பக்கத்தை விடாமல் நக்கும். பாத்ரூம் தரையில், மெத்தையில் என்று கண்ட இடத்திலும் போய்விடும். சிறுநீரில் ரத்தச் சாயல்கூடத் தெரியலாம். இதைப் பார்த்ததும் "இன்ஃபெக்‌ஷன்தான்" என்று முடிவுகட்டி, மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். மருத்துவ ஆய்வகத்தில் கல்ச்சர் பிரிவில், அதாவது சாம்பிளில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிரிவில், வேலை பார்க்கிறவள் நான், வீட்டில் பூனைகளும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, சிறுநீர் வருகிறதா என்பதை. ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும், இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். ராத்திரியானாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்தக் கட்டுரையில் மீதி இருப்பதெல்லாம் சிறுநீர் வந்துகொண்டிருக்கும் பூனைக்கு.

அடுத்தது வயது. 10 வயதுக்குக் கீழே உள்ள பூனைக்கு இந்த அறிகுறிகள் வந்தால், பாக்டீரியா காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் சிறுநீர்ப்பை அழற்சி, சிலவற்றுக்குக் கல். வீடு மாறியது, புதுப் பூனை வந்தது, மாடியில் கட்டட வேலை நடப்பது எல்லாமே போதும் அதற்கு. இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆனால் நல்ல பெயர் அப்போது கொடுத்த ஆன்டிபயாடிக்குக்குப் போய்விடுகிறது, அடுத்த தடவையும் அதே மாத்திரை தொடர்கிறது.

வயதான பூனைகளின் கதை வேறு. சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு இருக்கும் பூனைகளுக்கு உண்மையான தொற்று வரும். பெண் பூனைகளுக்கு இன்னும் அதிகம். அதிகம் காணப்படும் கிருமி ஈ.கோலை.

தொற்றுதானா என்று உறுதிசெய்ய ஒரே வழி யூரின் கல்ச்சர். கலர் மாறும் ஸ்ட்ரிப் சோதனையில் வெள்ளணுக் கட்டம் பூனைகளுக்குப் பொய்யாகவே பாசிட்டிவ் காட்டும், அதை நம்ப வேண்டாம். லிட்டர் பாக்ஸிலிருந்து எடுத்த சிறுநீரில் பாக்ஸின் கிருமியும் முடியின் கிருமியும் சேர்ந்தே வளரும். டாக்டர் மெல்லிய ஊசியால் வயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பார். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பூனைகள் அசையாமல் இருந்துவிடுகின்றன. பை நிறைந்திருந்தால்தான் எடுக்க முடியும், அதனால் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே லிட்டர் பாக்ஸை எடுத்துவிடுங்கள். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்பே சாம்பிள் எடுத்தாக வேண்டும்.

கால்நடை ஆய்வகம் பக்கத்தில் இல்லாமல் மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுக்கிறீர்கள் என்றால், சீட்டில் "பூனை, ஊசியால் எடுத்தது" என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மனிதர்கள் பிடித்துக் கொடுக்கும் சிறுநீரில் ஒரு மில்லிக்கு 1 லட்சம் கிருமி என்பதுதான் எங்கள் வழக்கமான கணக்கு. பூனையின் பையிலிருந்து நேரடியாக எடுத்ததில் 1,000 இருந்தாலே பொருள் உண்டு. சீட்டில் எழுதாவிட்டால் "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் போய்விடும். சாம்பிளை உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

நாங்கள் அதில் ஒரு துளியைக் கிருமி வளர்க்கும் தட்டில் கோடு கோடாக இழுத்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைப்போம். ஈ.கோலை இருந்தால் காலையில் மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்ன வட்டங்களை மேலே வைப்போம். மறுநாள் பார்த்தால் வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் இருக்கும். சில வட்டங்களின் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்து நிற்கும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கக்கூடிய மாத்திரை அதில் ஒன்றாக இருக்கலாம். இதற்குத்தான் இரண்டு மூன்று நாள் ஆகிறது.

அதுவரை பூனை வலியில் இருக்குமே என்றால், டாக்டரிடம் வலிநிவாரணி கேளுங்கள். வலி குறைந்தால் ரிப்போர்ட் வரும்வரை பல பூனைகள் தாங்கும். காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது என்றால் காத்திருக்கக் கூடாது, சிறுநீரகம் வரை போயிருக்கலாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைத் தொடவே தொடாதீர்கள், பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சிக் கஷாயம் என்று வாயில் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

தொற்று உறுதியானால் முதலில் நினைக்க வேண்டிய மருந்து சாதாரண அமாக்சிசிலின். செல்லப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எப்போதாவது வரும் எளிய தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும். என்ரோஃப்ளாக்சசின் எழுதினால் அளவை டாக்டரிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்யுங்கள். அதிகமானால் பூனைக்குப் பார்வை போகும்.

மாத்திரையை நாக்கின் பின்பகுதியில் வைத்துத் தள்ளிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்துப் பக்கமாக மெதுவாக விடுங்கள். இல்லாவிட்டால் சில மாத்திரைகள், முக்கியமாக டாக்சிசைக்ளின், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கசப்பு பட்டால் பூனை நுரை தள்ளும், பயப்பட வேண்டாம்.

எங்கள் கறுப்பிக்கு 14 வயது, சிறுநீரக நோய். வழக்கமான பரிசோதனையில் கல்ச்சரில் ஈ.கோலை வந்தது. ஆனால் அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரமமில்லாமல் போகிறாள். டாக்டரும் நானும் மருந்து கொடுக்காமல் விட்டோம். அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தால் அடுத்து வருவது எதற்கும் அடங்காத கிருமியாக இருக்கலாம். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறேன், லிட்டர் பாக்ஸில் சிறுநீர் பட்டு உருண்ட மணல் கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று தினமும் பார்க்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு நாளில் லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி ஓடுவது குறையாவிட்டால் டோஸை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்து கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும்.